தம்பி வண்டிக்குக் கொடுத்த எர்த்

அந்தத் தெருவில் அவருக்குப் பேர் திருத்தம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது கரண்ட் பில்லில் மட்டும் வரும். மற்றபடி, "வண்டி இழுக்கலையா? திருத்தத்துகிட்ட காட்டுனியா?" என்றுதான் ஜனங்கள் கேட்பார்கள். அவர் காது படவே கேட்பார்கள். அவரும் கோபித்துக்கொண்டது கிடையாது.

பேர் வந்த கதை ஒன்றா இரண்டா? பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு கிளட்சை எப்போது மிதிக்க வேண்டும் என்று பாடம் எடுப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, டாக்டரின் நாற்காலி இறங்கும்போது கிறீச்சிடுவதற்கு எந்த வாஷர் காரணம் என்று சைகையில் விளக்கியிருக்கிறார். தன் கல்யாணத்தன்று போட்டோக்காரரின் ஸ்டாண்டில் ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்து, அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பெண் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் படத்தில் அவர் மனைவி சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவது நன்றாகத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் தொல்லையே. தப்பாகச் சொல்கிறவனை நாலு வார்த்தை கேட்டு வாயை அடைத்துவிடலாம். சரியாகச் சொல்லிச் சொல்லியே உயிரை எடுக்கிறவரை யார் என்ன செய்ய முடியும்?

தொழில் மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட், இரண்டு வண்டி நிற்கிற இடம். அதற்குள் பிள்ளைகள் இருவரும் வளர்ந்தார்கள். மூத்தவள் மகள், ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை. இளையவன் மகன். அக்காக்காரி கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் வீட்டில் எல்லோருக்கும் 'தம்பி' ஆகிவிட்டான். அப்பாவே அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

தம்பி நடக்கப் பழகியது ஷெட்டில். ஸ்பானரை அளவு சொல்லி எடுத்துக் கொடுத்தது பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே. வளர்ந்ததும் கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளையெல்லாம் அவன்தான் பார்த்தான். ஒரு வேலையை முடித்துவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நிற்பான். அப்பா வந்து குனிந்து பார்ப்பார். டார்ச் அடித்துப் பார்ப்பார். விரலால் தடவிப் பார்ப்பார். கடைசியில் ஏதாவது ஒரு குறை அகப்பட்டுவிடும், இந்தக் கிளாம்ப் ஒரு விரக்கடை தள்ளி இருந்திருக்கலாம் என்று. குறை அகப்படாவிட்டால் வாயைத் திறக்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். வாயைத் திறக்காமல் போனால் அதுதான் பாராட்டு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எதிரில் நிற்பவனுக்குத் தெரியுமா என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

தம்பி தனக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டான். காயலான் கடையிலிருந்து சின்னக் கார் ஒன்றின் கூட்டை இழுத்து வந்து, இன்ஜினை நட்டு நட்டாகப் பிரித்துத் தானே கட்டினான். அதற்கு டர்போவும் வைத்தான். இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாதனம் அது. சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும். ஆனால் திணிக்கிற காற்றுக்குத் தக்கபடி பெட்ரோல் போக வேண்டும். குறைந்தால் உள்ளே சூடு தறிகெட்டு ஏறி இரும்பையே உருக்கிவிடும். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று தம்பி கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எண் போட்டு வைத்திருந்தான். கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற தன் சிநேகிதனிடமிருந்து புகையை அளக்கிற சென்சார் ஒன்றை இரவல் வாங்கி, வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்துப் போட்ட எண்கள் அவை.

அதில்தான் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் முட்டிக்கொண்டது. புகைக்குழாய் வாயில் விரலை விட்டுப் பார்த்து, கரியைக் காட்டி, பெட்ரோலைக் கண்டபடி ஊற்றுகிறாய் என்றார் இவர். டர்போ வண்டிக்கு முழு வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகத்தான் போக வேண்டும், அதுதான் காப்பு என்றான் அவன். நீ பிறப்பதற்கு முன்னால் நான் எத்தனை இன்ஜின் பார்த்தவன் தெரியுமா என்றார் இவர். அவன் சிரித்துவிட்டு லேப்டாப்பை மூடினான். வாரக்கணக்கில் இழுத்த சண்டை அது. முடியாமலே நின்றுபோயிற்று.

காய்ச்சல் என்று படுத்தான் தம்பி. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிவிட்டார்கள். அவன் நினைவு தப்பிக் கிடந்த நாளில்கூடத் திருத்தம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் படுத்து, சக்கரத்தின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று முடுக்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் அதட்டினாள். மகள்தான் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவன் போன பிறகு வீடு வீடாக இல்லை. அம்மாக்காரி கேட்டைத் தாண்டுவதையே விட்டுவிட்டாள். கடைக்குக்கூட மகள்தான் போய்வந்தாள். திருத்தம் ஷெட்டில் உட்கார்ந்து கண்டதையும் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியின் கார் மூலையில் உறைபோட்டு நின்றது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

அப்படி இருக்கும்போது கூரியர்காரன் வந்து தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தம்பி எப்போதோ சொல்லிவைத்த ஆக்ஸிஜன் சென்சார் அந்தப் பார்சலில் இருந்தது. அம்மா போய் வாங்கினாள். கையெழுத்துப் போடச் சொன்னதற்கு, பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பாவம், கூரியர்காரன் ஒன்றும் புரியாமல் தானே கிறுக்கிக்கொண்டு போனான்.

அதே வாரம் கண்ணாடி வந்தான். ஊருக்கு வெளியே விமானம் இறங்காமல் கிடக்கிற பழைய ஓடுதளத்தில் வண்டிப் பைத்தியங்கள் எல்லாம் அடுத்த மாதம் கூடுகிறோம், தம்பியின் கார் முதலில் ஒரு தடவை ஓடினால் எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். திருத்தம் துடைத்துவைத்த ஸ்பானரையே எடுத்துத் திரும்பத் துடைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது.

"அது ஓடுச்சுன்னா நானும் வர்றேன்."

பயந்துகொண்டு பிள்ளை வண்டி ஓட்டுவதை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காதவள் அவள். திருத்தம் அன்றைக்கே கார் உறையை எடுத்தார். பிள்ளை கட்டிய இன்ஜின் அது ஒன்றுதான் மிச்சம். அது நன்றாக ஓட வேண்டும், அதைப் பார்க்க அவள் கேட்டைத் தாண்டி வர வேண்டும். அதற்கு மேல் அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றுமில்லை.

லீவு நாளில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். தம்பி போனதிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. இப்போது பேச ஒரு வேலை கிடைத்தது. சென்சாருக்கு வேண்டிய துளையைப் புகைக்குழாயில் தம்பியே வைத்துப் போல்ட் போட்டு அடைத்திருந்தான். போல்ட்டைக் கழற்றிச் சென்சாரை முடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கூடவே வந்திருந்த வட்ட மீட்டரை டேஷ்போர்டில் ஒட்டினார்கள்.

மகள் விளக்கக் காகிதத்தைப் படித்து அப்பாவுக்குச் சொன்னாள். வெளியே வரும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று சென்சார் பார்க்கும். அதை வைத்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று எரிந்தது என்று சின்னப் பெட்டி ஒன்று கணக்குப் போடும். எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம், கூடினால் பெட்ரோல் குறைவு. அந்தப் பெட்டி எண்ணை வோல்ட்டாக மாற்றி வண்டிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பூஜ்யம் வோல்ட் என்றால் பத்து, ஐந்து வோல்ட் என்றால் இருபது. இதை லேப்டாப்பில் இருக்கும் சாஃப்ட்வேருக்குச் சொல்லிவிட்டால், இன்ஜின் ஓடும்போது மற்ற விவரங்களோடு இந்த எண்ணையும் நொடிக்கு நொடி பதிந்துகொள்ளும். ஒரு வோல்ட்டுக்கு இரண்டு எண் என்று திருத்தம் உடனே பிடித்துக்கொண்டார். மனுஷன் கெட்டிக்காரர், சந்தேகமில்லை.

வயர் கொடுக்கும்போதுதான் வந்தது வினை. வண்டிக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மெல்லிய கறுப்பு வயர் ஒன்று சுருட்டித் தொங்கியது. அதன் நுனியில் வெள்ளை டேப் ஒட்டி, 'சென்சார் எர்த்' என்று தம்பி எழுதி வைத்திருந்தான். எர்த் என்றால் கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி, வோல்ட்டை எண்ணத் தொடங்குகிற பூஜ்யமும் அதுதான். இது கம்ப்யூட்டரின் எர்த்திலிருந்தே பிரித்து எடுத்த வயர். கம்ப்யூட்டரும் சென்சார் பெட்டியும் ஒரே இடத்தில்தான் எர்த் ஆக வேண்டும் என்று காகிதத்திலும் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மகள் அதைப் படித்துக் காட்டினாள். திருத்தம் அந்த வயரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இந்த நூல்ல எர்த் வருமா? எங்க குடுத்தாலும் எர்த் எர்த்துதான் பாப்பா. அதுலயும் பேட்டரி மைனஸ விட நல்ல எர்த் ஒலகத்துல கெடையாது."

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. விளக்கு மங்கலாக எரிகிறதா, ஹாரன் கரகரக்கிறதா, செல்ஃப் இழுக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் அவர் கைகண்ட வைத்தியம் அதுதான்: தடித்த கேபிளை எடு, எர்த்தை நேரே பேட்டரிக்குக் கொடு. ஆயுசு பூராவும் அது அவரைக் கைவிட்டதில்லை. தம்பியின் வயரைத் திரும்பச் சுருட்டி டேப் போட்டு ஓரமாகக் கட்டினார். சுண்டுவிரல் கனத்தில் புதுக் கேபிள் எடுத்து, நுனியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பேட்டரி மைனஸில் முடுக்கினார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. மகளும் வற்புறுத்தவில்லை. அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு களை வந்திருந்தது. அதைக் கெடுப்பானேன் என்று அவளுக்குத் தோன்றியது.

ஷெட்டில் நிறுத்தியபடியே ஓடவிட்டுப் பார்த்தார்கள். வட்ட மீட்டரும் லேப்டாப்பும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. திருத்தம் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

மறு லீவு நாளில் தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கிற நீளச் சாலைக்குப் போனார்கள். அவர் ஓட்டினார், மகள் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்ணை வாசித்தாள். முழு வேகத்தில் பன்னிரண்டரை இருந்தால் உத்தமம் என்று அவருக்கும் தெரியும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். டர்போ விசிலடித்தது. தம்பி வைத்திருந்த இரண்டாவது பெட்ரோல் பம்ப்பும் சேர்ந்து ஓடும் சத்தம் பின்னால் கேட்டது.

"பதினொன்னரை" என்றாள் மகள்.

திருத்தம் வண்டியை ஓரம் கட்டினார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இருந்தது. பார்த்தாயா, எவ்வளவு பெட்ரோலை அனாவசியமாக ஊற்றி வைத்திருக்கிறான், அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேனே, கேட்டானா என்றார். குரலில் கோபம் இல்லை. பிள்ளை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சண்டை போடுகிற மாதிரி ஒரு சந்தோஷம்தான் இருந்தது. மகள் மீட்டரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருந்தாலும் கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

"அப்பா, அந்த வட்ட மீட்டர்ல பன்னெண்டரைதான் காட்டுச்சு."

"அது பொம்மை. அழகுக்குக் குடுக்குறான். கம்ப்யூட்டர் சொல்றத எடுத்துக்கோ."

கம்ப்யூட்டர் என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனுஷன் பேசுகிற பேச்சைப் பாருங்கள். எந்த மீட்டர் தன் கட்சி பேசுகிறதோ அதுதான் அவருக்கு நல்ல மீட்டர். மனசு அப்படித்தான் வேலை செய்கிறது, அவருக்கு மட்டும் என்ன விதிவிலக்கா?

தம்பி போட்ட எண்களில் கைவைக்க மகளுக்கு மனம் வரவில்லை. அப்பா சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்குகிறவள் மாதிரி ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். மறுபடி ஓட்டம், மறுபடி குறைப்பு. சாயங்காலத்துக்குள் லேப்டாப்பில் பன்னிரண்டரை வந்துவிட்டது. வண்டியும் முன்னைவிடத் துடிப்பாக இழுத்தது. பெட்ரோல் குறைந்தால் முதலில் அப்படித்தான் இழுக்கும். ஆளை ஏமாற்றுகிற இழுப்பு அது. திருத்தம் வீட்டுக்கு வந்து மனைவியிடம், உன் பிள்ளை விட்ட குறையைச் சரிபண்ணிவிட்டேன், இனி பார் என்றார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூடுகிற நாள் வந்தது. அம்மா கேட்டுக்கு வெளியே காலை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். ஓடுதளத்தில் நல்ல வெயில், நல்ல கூட்டம். பிள்ளையின் சிநேகிதர்கள் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடை பிடித்தார்கள். ஆளுக்கு ஆள் வந்து தம்பியைப் பற்றி ஏதேதோ சொன்னார்கள். எங்கள் வண்டி நின்றுபோனால் அவன்தான் வருவான் என்றான் ஒருவன். அவள் எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தொழிற்சாலைச் சாலைகூட இவ்வளவு நீளம் கிடையாது; இங்கே முழு வேகத்தை விடாமல் கடைசிவரை பிடிக்கலாம். அதற்குத்தானே எல்லோரும் வருகிறார்கள்.

திருத்தம் ஏறி உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்துக் கையைக் காட்டினார். வண்டி கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறுகிற சத்தம் கேட்டது. அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவள் உதடு சிரிப்பதற்குத் தயாரானதைப் பக்கத்தில் நின்ற மகள் பார்த்தாள். வண்டி தூரத்தில் சின்னதாகி, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. திடீரென்று டங்கென்று ஒரு அடி. பின்னால் வெள்ளைப் புகை பந்து பந்தாக வந்தது. வண்டி உருண்டு உருண்டு போய் நின்றது.

எல்லோரும் தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தீ இல்லை. திருத்தத்துக்கு ஒரு கீறலும் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இன்ஜின் இறுகிப் போயிருந்தது, ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. பழைய இன்ஜின் அங்கிள், டர்போ தாங்காது, அவன் கொஞ்சம் அதிகமாவே காற்றை ஏற்றி வைத்திருப்பான் என்று யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள். அப்போது திருத்தத்தின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"நான் அப்பவே சொன்னேன் அவன்கிட்ட."

அம்மா அவ்வளவு தூரமும் நடந்து வந்து சேர்ந்திருந்தாள். அதைக் கேட்டாள். வண்டியின் மேல் கையை வைத்தாள், சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டாள். நேரே போய்க் கண்ணாடியின் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் தம்பி படுக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் திருத்தம் இன்ஜினைப் பிரித்தார். மூன்றாவது பிஸ்டனின் தலையில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. விளிம்பெல்லாம் மெழுகுவத்தி மாதிரி உருகி வழிந்திருந்தது. அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அதைப் பார்த்தால் தெரியும், காற்று அதிகமானதால் வந்த உடைப்பு இல்லை இது. பெட்ரோல் போதாமல் வந்த உருகல். ஆனால் லேப்டாப் பதிவில் கடைசி நொடிவரை பன்னிரண்டரைதான் இருந்தது. மகள் இரண்டு தடவை காட்டினாள்.

பிஸ்டன் பொய் சொல்லாது, அப்படியானால் பதிவுதான் பொய் என்று அவருக்குப் பட்டது. எழுந்து வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தார். சாவியைப் போட்டு, ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் ஓடவிட்டார். முழு வேகத்தில் மட்டும் ஓடுகிற அந்த இரண்டாவது பம்ப்புக்கும் நேராக ஒரு வயர் கொடுத்து ஓடவிட்டார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்தார். இன்னொரு முனையை வைக்க இடம் தேடியவர், ஓரமாகக் கட்டிவைத்த தம்பியின் மெல்லிய வயரைப் பிரித்தெடுத்தார். அதன் செம்பு நுனியில் வைத்தார்.

இரண்டும் எர்த். இரண்டுக்கும் நடுவே மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டியது.

வண்டியின் பாடியிலிருந்து பேட்டரிக்கு வருகிற கேபிள் பழசு. பம்ப்பும் ஃபேனும் ஓட ஓட அதில் அரை வோல்ட் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் பாடிப் பக்கம் நின்றுகொண்டு அளக்கிறது. சென்சார் பெட்டி, இவர் கொடுத்த தடித்த கேபிள் புண்ணியத்தில், பேட்டரிப் பக்கம் நின்றுகொண்டு பேசுகிறது. அதனால் சென்சார் சொன்னது கம்ப்யூட்டருக்கு அரை வோல்ட் குறைவாகவே கேட்டிருக்கிறது. அரை வோல்ட் என்றால் ஒரு எண். ஷெட்டில் சும்மா நிற்கும்போது அந்த இரண்டாவது பம்ப் ஓடாது, அதனால் வித்தியாசமும் தெரியாது. பதினொன்றரை என்று மகள் வாசித்தபோது இன்ஜினில் உண்மையில் இருந்தது, பெட்டியிலிருந்து நேரே வாங்கிக் காட்டிய அந்தப் பொம்மை மீட்டர் சொன்ன பன்னிரண்டரை. இவர் பன்னிரண்டரை ஆக்கியபோது உண்மையில் ஆனது பதிமூன்றரை. இதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மீட்டரைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

தம்பி போட்ட எண் ஒன்றுகூடப் பிசகில்லை. அவனுக்கு இந்தக் கேபிளின் கோளாறு தெரிந்திருக்கிறது. அதற்காகத்தான் தனியாக ஒரு வயரைப் பிரித்து, பேரும் எழுதி, சென்சார் வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறான்.

மகள் பக்கத்தில் நின்றாள். நான்தான் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் இன்னும் கொஞ்சம் அடிச்சுச் சொல்லியிருக்கணும்பா" என்றாள்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவன் அடித்தடித்துச் சொன்னதையே நான் கேட்கவில்லை, நீ சொல்லியா கேட்டிருப்பேன் என்று முனகினார். உருகிய பிஸ்டனை வேலை மேஜையில் வைத்தார். கையைக் கழுவவில்லை. அப்படியே வீட்டுக்குள் போனார்.

மனைவி கிச்சனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் நின்றார். இத்தனை வருஷத்தில் சொல்லிப் பழகாத வார்த்தை, வர நேரமெடுத்தது.

"தம்பி போட்டதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இன்ஜின நான்தான் கெடுத்தேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திரும்பாமலே பேசினாள்.

"வேலைய முடிச்சிட்டு உள்ள வருவான். வந்ததும் எங்கிட்ட வந்து, 'அப்பா ஏதாச்சும் சொன்னாரா'ன்னு கேப்பான். சின்னப் பிள்ளையிலேர்ந்து கேப்பான். சொன்னாருடா, நல்லா பண்ணியிருக்கான்னு சொன்னாருன்னு சொல்லுவேன்."

"நான் சொன்னதே இல்லையே."

"தெரியும்."

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டார். கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நம்புனானா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"இல்ல" என்றாள். "ஆனா அடுத்த தடவையும் வந்து கேப்பான்."

அவர் அப்படியே கிச்சன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.